தேடுகிறவன் எதைக் காண்கிறான்?



செல்போனிலும் தொலைக்காட்சிப் பெட்டியிலும் பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டுகளைப்பற்றிப் பெற்றோரில் அநேகர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "சுவாமி, இது பாவமா, இல்லையா?" இதற்கு ஒரே வார்த்தையில் விடை சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வார்த்தையில் சொல்லும் விடையைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் பிறகு அதைப்பற்றிச் சிந்திப்பதில்லை. ஆகையால் இந்த வாரம் இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. சுட்டுக் கொல்லுகிற விளையாட்டு உண்டு. பணம் வைத்து ஆடுகிற விளையாட்டு உண்டு. பணம் வைத்து ஆடுவது எத்தனை குடும்பங்களைக் குலைத்திருக்கிறதென்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இன்று நாம் எடுத்துக்கொள்வது வேறொரு வகை. அதில் சண்டை இல்லை, சூதும் இல்லை. ஆட்டக்காரன் ஓர் அந்நிய நிலத்தில் தனியே நடக்கிறான். மணல்வெளி, காடு, பாழடைந்த வீடு, பனிமலை என்று ஒவ்வொன்றாகக் காண்கிறான். அங்கங்கே சில பொருட்கள் மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தேடி எடுக்கிறான். இவ்வளவுதான். கொலையும் களவும் இல்லாத இந்த விளையாட்டைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் மனது எதை எப்படித் தேடுகிறது என்பது சிறிய காரியமல்ல. தேடும் விதத்தில்தான் மனிதனுடைய உள்ளம் வெளிப்படுகிறது.

முதலாவது, விளையாட்டு தன்னிலே கெட்டதல்ல. அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் விளையாட்டுக்கென்று ஒரு புண்ணியமே உண்டென்று போதிக்கிறார். சரீரத்திற்கு இளைப்பாற்றி வேண்டியிருப்பதுபோல ஆத்துமத்திற்கும் வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். இதற்கு ஒரு பழைய சரித்திரத்தை எடுத்துக்காட்டுகிறார். அர்ச். அருளப்பர் தம் சீஷர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டார்களாம். அவர்களில் ஒருவன் கையில் வில் வைத்திருந்தான். அருளப்பர் அவனை அம்பு எய்யச் சொன்னார். பலமுறை எய்தபின், இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். முடியாது, வில் ஒடிந்துபோகும் என்றான் அவன். மனிதனுடைய மனதும் அப்படியே என்றார் அருளப்பர். விளையாட்டே தெரியாமல், பிறர் மகிழ்ச்சியையும் கெடுக்கிறவனிடத்தில் குற்றமுண்டென்றும் அர்ச். தோமாஸ் எழுதியிருக்கிறார். பிள்ளைகளை எந்நேரமும் கடிந்துகொள்ளுகிறவர்கள் இதைக் கவனிப்பது நலம்.

இரண்டாவது, மறைத்து வைத்ததைத் தேடுவதும் புதிதல்ல. நம் ஊர்களில் பெண்பிள்ளைகள் மணலை நீளமாகக் கரைகட்டி, அதற்குள் ஒரு சிறு குச்சியை ஒளித்து, கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆடுவதை நாம் அறிவோம். குச்சிக்கு விலை ஏது? வேலியில் ஒடித்த குச்சிதான். ஆனாலும் இரண்டு கைகளையும் கோத்து மணலின்மேல் வைத்து, "இங்கேதான்" என்று சொல்லும்போது அந்தக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்! ஒருவர் எனக்காக ஒளித்து வைத்தார், நான் கண்டுபிடித்தேன் என்ற சந்தோஷம் அது. ஒளித்து வைத்ததெல்லாம், யாரோ ஒருவர் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்ததே.

மின்பொறி விளையாட்டுகளிலும் இவ்வழக்கம் இப்படித்தான் புகுந்தது. அமெரிக்காவிலிருந்த அட்டாரி என்ற கம்பெனி, விளையாட்டுகளைச் செய்த வேலைக்காரர்களுடைய பெயரை அக்காலத்தில் வெளியிடாமலிருந்தது. வாரன் ராபினெட் என்பவர் தாம் செய்த 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டில் யாருக்கும் தெரியாமல் ஓர் இரகசிய அறையைக் கட்டி, அதிலே தம் பெயரை எழுதி வைத்தார். 1980-ஆம் ஆண்டில் ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்தான். அதுமுதல் இப்படி மறைத்து வைப்பவற்றுக்கு 'ஈஸ்டர் முட்டை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பாஸ்குத் திருநாளில் மேல்நாட்டுப் பிள்ளைகள் தோட்டத்தில் முட்டை தேடும் வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது.

இனி, ஒரு விளையாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2012-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த 'ஜர்னி' என்பது அதன் பெயர். பிரயாணம் என்று பொருள். ஜெனோவா சென் என்பவரும் அவர் கூட்டாளிகளும் செய்தது. சிவப்பு அங்கி தரித்த ஒரு வழிப்போக்கன் மணல்வெளியில் நிற்கிறான். வெகு தூரத்தில் ஒரு மலை. அதன் உச்சியில் ஓர் ஒளி. அங்கே போகவேண்டும். யாரும் வழி சொல்வதில்லை. இடையிடையே ஒளிவிடும் எழுத்துகள் மறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் அவன் கழுத்திலுள்ள துண்டு நீளுகிறது. துண்டு நீள நீள அதிக நேரம் காற்றில் பறக்கலாம். நடுவழியில் வேறொரு வழிப்போக்கன் எதிர்ப்படுவதுண்டு. அவன் பொம்மையல்ல, உலகத்தின் எந்த மூலையிலோ இருந்து அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் மனிதன். பெயர் தெரியாது, பேச முடியாது, மணியோசை போன்ற ஓர் ஒலியால் கூப்பிட மட்டும் முடியும். இருவரும் நெருங்கி நின்றால் இருவருக்கும் பலம் ஊறுகிறது. எல்லாம் முடிந்த பிறகே, வழியில் சந்தித்தவர்களுடைய பெயர்கள் திரையில் தோன்றுகின்றன.

ஆவணி பிறந்ததும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்களையும், பூண்டி மாதா கோவிலுக்கு இரவெல்லாம் நடந்து வருகிறவர்களையும் கண்ட நமக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. முன்பின் அறியாத ஒருவர் பாதையில் தண்ணீர் கொடுக்கிறார். மற்றொருவர் சுமையை வாங்கிக்கொள்கிறார். கோவில் வாசலில் பிரிந்துவிடுகிறோம்.

இந்த விளையாட்டை ஆடியவர்கள் ஒரேவிதமாக அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது. சிலர், "இதில் என்ன இருக்கிறது? வெறும் நடைதானே!" என்று வைத்துவிட்டார்கள். இவ்வகை விளையாட்டுகளுக்கே 'நடைவிளையாட்டு' என்று ஏளனமாகப் பெயரும் இட்டார்கள். சிலர் மலையுச்சியை அடைந்தபோது ஏனென்று தெரியாமல் கண்ணீர் விட்டதாகச் சொன்னார்கள். இறந்துபோன உறவினரை நினைத்துக்கொண்டதாக எழுதினவர்களும் உண்டு. சிலர் எழுத்துகள் எங்கெங்கே இருக்கின்றனவென்று பட்டியல் தேடி வைத்துக்கொண்டு, ஒன்றும் விடாமல் சேர்ப்பதிலேயே குறியாயிருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்தவனுக்கு வெள்ளை அங்கி கிடைக்கும். நான்காவது ஒரு வகையார், வெள்ளை அங்கி கிடைத்தபிறகும் திரும்பத் திரும்ப அதே வழியில் வந்தார்கள். எதற்கு? புதிதாய் வரும் சிவப்பு அங்கிக்காரனை மணியோசையால் கூப்பிட்டு, மறைந்திருப்பவை இருக்குமிடத்திற்கு அழைத்துப்போய்க் காட்டுவதற்கு.

நிலமும் ஒன்று, மலையும் ஒன்று, மறைந்திருந்த பொருட்களும் ஒன்றே. மனது மாத்திரம் நாலு விதம். இந்த வித்தியாசத்தை ரிச்சர்டு பார்ட்டில் என்ற ஆங்கிலேயர் 1996-ஆம் ஆண்டிலேயே ஒருவாறு வகுத்துச் சொன்னார். ஆட்டக்காரர்களில் சேர்ப்பவர், ஆராய்பவர், பழகுபவர், பிறரை வதைப்பவர் என்று நாலு வகையுண்டு என்றார். ஆனால் வகுத்துச் சொல்வது வேறு, எது நலம் என்று தீர்மானிப்பது வேறு. அந்தத் தீர்மானத்தை நாம்தான் செய்யவேண்டும்.

இதற்கு இரண்டு முயல்களை உங்களுக்குக் காட்டுகிறேன். முதல் முயல் அர்ச். அகுஸ்தீனுடையது. அவர் தமது சுயசரிதையில் சொல்லுகிறார்: வயல்வழியே போகும்போது ஒரு நாய் முயலைத் துரத்துவது கண்ணில் பட்டால், எவ்வளவு பெரிய சிந்தனையில் இருந்தாலும் மனம் அதன்பின்னே ஓடிவிடுகிறது. வீட்டிலிருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதும் சிலந்தி வலைபின்னுவதும்கூட அப்படியே. பிறகு அவற்றிலிருந்து படைத்தவரைப் புகழ எழும்புகிறேன். ஆனால் முதலில் இழுத்தது அந்த நினைவல்லவே என்று வருந்துகிறார். இரண்டாவது முயல் பிரான்ஸ் தேசத்து ஞானியாகிய பாஸ்கலுடையது. நாளெல்லாம் முயலை வேட்டையாடுகிறவனுக்கு அதே முயலை இனாமாகக் கொடுத்தால் வாங்கமாட்டான் என்கிறார் அவர். அவனுக்கு வேண்டியது முயலல்ல, வேட்டை. வேட்டை இருக்கும்வரை தன்னைப்பற்றியும் தன் மரணத்தைப்பற்றியும் நினைக்காமல் இருக்கலாம்.

இந்த இரண்டு முயல்களுக்கும் நடுவில்தான் நம் கேள்வி நிற்கிறது. அர்ச். தோமாஸ் அறிவைத் தேடுவதில் இரண்டு விதம் சொல்லுகிறார்: ஒன்று ஒழுங்கான நாட்டம், மற்றொன்று வீண் ஆவல். ஒரு பொருளை அறிய வேண்டுமென்று தேடுவது முதலாவது. தேடாமல் இருக்க முடியவில்லை என்பதற்காகத் தேடுவது இரண்டாவது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே வெகு தூரம்.

எப்படி வேறுபடுத்துவது? மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன்.

முதல் கேள்வி: ஒன்றும் கிடைக்காத இடத்தை அவன் பார்க்கிறானா? கிடைத்தால் நிற்கிறான், கிடைக்காவிட்டால் கண் எடுத்துப் பாராமல் ஓடுகிறான் என்றால், அவனுக்கு அந்த நிலம் நிலமல்ல. தட்டிக் கொட்டவேண்டிய ஒரு சாக்கு. இதற்கு நம் நாட்டிலேயே உதாரணமுண்டு. 2016-ஆம் ஆண்டு 'போக்கிமான் கோ' என்ற விளையாட்டு வந்தது. செல்போனைக் கையில் பிடித்துத் தெருத்தெருவாக நடந்து, அதில் தோன்றும் விசித்திரப் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கவேண்டும். இந்தியாவில் முறைப்படி வெளியானது அவ்வருஷம் டிசம்பரில்தான். அதற்கு முன்பே நம் நகரங்களில் அநேகர் ஆடத் தொடங்கிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் நடந்தார்கள் என்பது உண்மை. அதை நன்மையென்றே ஒப்புக்கொள்வோம். ஆனால் ஹிட்லர் காலத்தில் கொல்லப்பட்ட யூத மக்களின் நினைவாக வாஷிங்டன் நகரில் இருக்கும் காட்சிச்சாலைக்குள்ளும் சிலர் பிராணி தேடிக்கொண்டு திரிந்தார்கள். அதை நடத்துகிறவர்கள், இங்கே விளையாடாதிருங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. குஜராத் உயர் நீதிமன்றத்தில், வழிபாட்டுத் தலங்களில் இந்த விளையாட்டு முட்டைகளைக் காட்டுகிறதென்று ஒரு பொதுநல வழக்கும் வந்தது. துக்கமான இடத்திலும் பரிசுத்தமான இடத்திலும் நிற்கிறோமென்று தெரியாமல் போவது, கண்ணிருந்தும் குருடாயிருப்பதல்லவா?

இதில் வருந்தத்தக்க விஷயம் ஒன்றுண்டு. போக்கிமான் என்பதை முதலில் கற்பனை செய்தவர் ஜப்பான் தேசத்து சத்தோஷி தஜிரி. டோக்கியோ நகருக்கு வெளியே மச்சிதா என்ற ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் வயல்களிலும் குளங்களிலும் பூச்சிகளைத் தேடிப் பிடிப்பதே அவருக்கு ஆனந்தம். பிறகு வயல்கள் மறைந்தன. குளங்கள் தூர்ந்து வீடுகளாயின. இனி வரும் பிள்ளைகளுக்கு அந்த ஆனந்தம் கிடைக்காதே என்று நினைத்து, அதை ஒரு விளையாட்டாக்கி 1996-இல் வெளியிட்டார். ஆக, அந்த விளையாட்டு இழந்துபோன ஒரு நெல்வயலின் ஞாபகம். காவேரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து ஓடுகிற திருக்காட்டுப்பள்ளியில் இருக்கிற நம்மிடம் அந்த வயல் இன்னும் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வற்றும்போது சேற்றில் விரால் தேடலாம். வரப்பில் நண்டு வளை பார்க்கலாம். நடவு முடிந்த வயலில் கொக்கு ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கலாம். நம் பிள்ளைகளுக்கு மூலம் வாசலிலே இருக்க, நகலைத் தேடிப் போகிறார்கள். அவர்களைக் குறைசொல்லு முன், அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு வரப்பின்மேல் நாம் எத்தனை நாள் நடந்தோம் என்று கேட்டுக்கொள்வோமாக.

இரண்டாம் கேள்வி: கிடைத்ததைப் பிறரோடு பகிர அவனுக்கு மனம் வருகிறதா? 'ஜர்னி' விளையாட்டைச் செய்தவர்கள் பரீட்சை பார்த்தபோது நடந்தது இது. முதலில் ஆட்டக்காரர் ஒருவரையொருவர் தள்ள முடியும்படி வைத்திருந்தார்கள். துணைக்கு நிற்பார்கள் என்று நினைத்தால், ஆட்கள் துணைவனைப் பள்ளத்தில் தள்ளி வேடிக்கை பார்த்தார்கள். ஆகையால் தள்ளவே முடியாதபடி மாற்றினார்கள். ஒளிவிடும் எழுத்தையும், ஒருவன் எடுத்தால் மற்றவனுக்கு இல்லாமல் போகாதபடி, இருவரும் பெற்றுக்கொள்ளும்படி அமைத்தார்கள். அதன்பின் அதே மனிதர் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டத் தொடங்கினார்கள். ஜென்மப் பாவத்தால் மனித சுபாவம் சாய்ந்திருக்கிறதென்று ஞானோபதேசத்தில் படித்தோமே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? அதோடு மற்றொரு பாடமும் உண்டு. ஏற்பாடு நல்லதானால் நல்ல மனம் வளர இடமுண்டாகிறது. ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது மற்றப் பிள்ளைக்கு நஷ்டமாய்த் தோன்றும்படி நடத்துகிற வீட்டில் அண்ணன் தம்பிகள் தள்ளிக்கொள்வார்கள். அப்படியல்லாத வீட்டில் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

மூன்றாம் கேள்வி: நிறையாமல் இருக்கும்போதே அவனால் நிறுத்த முடிகிறதா? நூற்றுக்கு நூறு சேர்த்தே தீரவேண்டும் என்கிற மனம் தான் சேர்த்ததற்கே அடிமையாகிவிடுகிறது. அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள், தாத்தா இருமுகிறார், ஜெபவேளை வருகிறது. "இன்னும் ஒன்று" என்கிறான். அந்த இன்னும் ஒன்றுக்கு முடிவில்லை. 'ஜர்னி' என்ற அதே விளையாட்டில், பனிமலையில் ஏறும்போது புயல் அடிக்கிறது. பாடுபட்டு நீளமாக்கின கழுத்துத் துண்டு அங்கே நைந்து குறுகிப்போகிறது. சேர்த்தவனும் சேர்க்காதவனும் ஒரேவிதமாய்ப் பனியில் தள்ளாடுகிறார்கள். பக்கத்தில் ஒட்டி நடக்கிற துணைவன் ஒருவனே அப்போது பிரயோசனப்படுகிறான். செய்தவர்கள் ஞானப் பிரசங்கம் செய்யவேண்டுமென்று எண்ணினார்களோ இல்லையோ, மரணப் படுக்கைகளின் அருகில் நின்ற எந்தக் குருவானவரும் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும்பலாம். "எண்ணிச் சேர்ப்பது பிள்ளைகளின் குணமென்கிறீர்களே, பெரியவர்களாகிய நாம் எண்ணுவதில்லையா?" எண்ணுகிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். எத்தனை கோவில், எத்தனை நவநாள், எத்தனை மெழுகுதிரி என்று எண்ணி, எந்த இடத்திலும் ஐந்து நிமிஷம் மௌனமாய் முழந்தாளிடாமல், போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. 2018-ஆம் ஆண்டில் ஒரு கத்தோலிக்க ஸ்தாபனம், பனாமா நாட்டில் நடக்கவிருந்த உலக இளைஞர் மகாநாட்டை முன்னிட்டு, அர்ச்சியசிஷ்டவர்களைத் தேடிச் சேர்க்கும் ஒரு செல்போன் விளையாட்டை வெளியிட்டது. நோக்கம் நல்லது, கேள்விகளுக்கு விடை சொன்னால்தான் சேர்க்கலாம் என்றும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் நம் மூன்று கேள்விகளும் அங்கேயும் செல்லும். சேர்க்கப்படும் பொருள் பரிசுத்தமானது என்பதால், சேர்க்கும் மனமும் பரிசுத்தமானதென்று ஆகிவிடாது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். சில வீடுகளில் இது கசக்கலாம். எண்ணுகிற மனதைப் பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுத்தது செல்போன் அல்ல. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளையிடம், "இன்றைக்கு என்ன புதிதாய்த் தெரிந்துகொண்டாய்?" என்று கேட்பவர் எத்தனை பேர்? "எத்தனை மார்க்?" என்றுதானே கேட்கிறோம்! தொண்ணூற்றெட்டு என்றால், "அந்த இரண்டு எங்கே?" என்கிறோம். பிறகு, விளையாட்டிலும் ஒன்று விடாமல் சேர்க்கத் துடிக்கிறானே என்று ஆச்சரியப்படுகிறோம். நாம் விதைத்ததுதான் அங்கே முளைத்திருக்கிறது.

அப்படியானால் விடை என்ன? இவ்வகை விளையாட்டு தன்னிலே பாவமல்ல. அளவோடு ஆடினால் இளைப்பாற்றி; சில வேளைகளில் பார்க்கவும், காத்திருக்கவும், அந்நியனுக்கு வழிகாட்டவும் கற்றுக்கொடுக்கக்கூடும். ஆனால் நிலத்தை மறந்து பொருளையும், துணைவனை மறந்து எண்ணிக்கையையும், கடமையை மறந்து இன்னும் ஒன்றையும் நாடினால், அது ஆத்துமத்தை வறளச் செய்யும். நெல் அறுத்துக் கட்டுக் கட்டாய்ச் சேர்க்கிற வேலைக்கும் இந்த விதியே.

ஆகையால் பெற்றோரே, பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குவதற்கு முன் ஒருநாள் அவன் பக்கத்தில் உட்காருங்கள். "என்ன தேடுகிறாய், எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். அவன் முகம் மலர்ந்து, "பாருங்கப்பா, இந்த மலையைப் பாருங்கள்" என்று காட்டினால், பயப்பட வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த நாள் அவனைக் கல்லணைக்கு அழைத்துக்கொண்டு போய்க் காவேரியைக் காட்டுங்கள். திரும்பிப் பாராமல், "தொந்தரவு செய்யாதீர்கள், இன்னும் மூன்றுதான் பாக்கி" என்று சொன்னால், அப்போது செல்போனை வாங்கி வைப்பதற்குக் காரணமுண்டு. அவனோடு நடப்பதற்கு அதைவிடப் பெரிய காரணமுண்டு.

சேசுநாதர் சொன்ன உவமைகளில் பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த ஒரு ஸ்திரீயின் கதை வருகிறதே, நினைவிருக்கிறதா? ஒரு காசு காணாமற்போயிற்று. விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். அவளும் எண்ணித்தான் பார்த்தாள். ஒன்று குறைகிறதென்று கண்டுதான் தேடினாள். ஆனால் கிடைத்தவுடன் என்ன செய்தாள்? முடிச்சில் போட்டு முடிந்துகொள்ளவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுத் தன்னோடு சந்தோஷப்படச் சொன்னாள்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு